கரி பிரஷ்ஷில் மாலிப்டினம் டைசல்பைடு: இது யாருக்கும் தோன்றக்கூடியதுதானா?

ஆர்மேச்சர்மகன் | திங்கள், இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். காப்புரிமை முகவர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் படிப்புக் குழுவில் போன வாரம் ஒரு பயிற்சிக் கேள்வி கொடுத்தார்கள். அதில் வந்த கிளெய்ம் (எதற்கு உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் எழுதும் கோரிக்கை) இது: "ஈரப்பதம் இல்லாத வாயுவில் ஓடும் மின்மோட்டாருக்கான பிரஷ்; கிராஃபைட் தூளோடு மாலிப்டினம் டைசல்பைடு தூளைக் கலந்து, பிசின் சேர்த்து அழுத்திச் செய்தது."

பிரஷ் என்பது மோட்டாரின் சுழலும் பகுதியில் உரசியபடியே மின்சாரம் கடத்தும் கட்டை. கிளெய்முக்கு எதிராக இரண்டு ஆவணங்கள். முதலாவதில் பிசின் சேர்த்துச் செய்த சாதாரண கிராஃபைட் பிரஷ் இருக்கிறது. இரண்டாவதில், எண்ணெய் போட முடியாத பேரிங்குகளுக்கு மாலிப்டினம் டைசல்பைடு நல்ல மசகுத்தூள் என்று இருக்கிறது. இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் கிளெய்ம் துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியதா, இல்லையா என்பதுதான் கேள்வி.

"தோன்றக்கூடியதே" என்று எழுதினேன். தேய்மானம் பிரச்சினை, மசகு தீர்வு, மசகு எது என்று இரண்டாம் ஆவணமே சொல்லிவிட்டது என்பது என் வாதம். முழு மதிப்பெண் கிடைத்தது.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா 27 வருடமாக மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். கேட்டுவிட்டு ஒரே வரி சொன்னார்: "கரண்ட் போற எடத்துல எவன்டா மசகப் போடுவான்?" அதற்குமேல் பேசவில்லை, ஆர்மேச்சரை (மோட்டாரின் சுழலும் பகுதி) திருப்பிக் காயில் கட்டப் போய்விட்டார்.

அன்றிலிருந்து என் விடை எனக்கே உறுத்துகிறது. சட்டம் சொல்லும் "துறையில் தேர்ந்தவர்" என் அப்பாதானே? அவருக்குத் தோன்றாததை நான் எப்படித் தோன்றக்கூடியது என்று எழுதினேன்?

---

மயிலை_வக்கீல் | திங்கள், இரவு 10:05

தம்பி, மதிப்பெண் சரியாகத்தான் கிடைத்திருக்கிறது.

நம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் 2(1)(ja) பிரிவைப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள அறிவோடு ஒப்பிட்டால் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும். அதோடு துறையில் தேர்ந்தவருக்கு அது எளிதில் தோன்றக்கூடியதாக இருக்கக்கூடாது. முன்னேற்றம் இருந்துவிட்டால் மட்டும் போதாது. 1978-ல் உச்ச நீதிமன்றம் பிஸ்வநாத் பிரசாத் வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. பாத்திரத்தைக் கடைசல் எந்திரத்தில் பிடித்துவைக்கும் ஒரு சாதனத்துக்கான காப்புரிமை அது. சாதாரணப் பட்டறை முன்னேற்றத்துக்கு மேலாக ஏதாவது இருக்க வேண்டும் என்று சொல்லி, காப்புரிமை செல்லாது என்றார்கள்.

அமெரிக்காவில் 2007-ல் வந்த கேஎஸ்ஆர் தீர்ப்பும் இதே பக்கம்தான். தெரிந்த பொருள்களைத் தெரிந்த முறையில் சேர்த்து, எதிர்பார்த்த பலனே கிடைத்தால் அதற்கு உரிமை இல்லை. "இந்த இரண்டையும் சேர்" என்று எந்த ஆவணத்திலும் அச்சிட்டிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தேர்ந்தவர் சொந்தமாக யோசிக்கத் தெரிந்தவர்தான் என்றது அந்த நீதிமன்றம்.

உங்கள் கேள்வியில் இன்னொரு அடியும் இருக்கிறது, 3(e) பிரிவு. கலவையில் சேர்ந்த பொருள்களின் குணங்கள் வெறுமனே கூடி நின்றால் அது கண்டுபிடிப்பே ஆகாது. கிராஃபைட் மின்சாரம் கடத்துகிறது, மாலிப்டினம் தூள் வழுக்குகிறது. இரண்டும் தத்தம் வேலையைச் செய்கின்றன, அவ்வளவுதான்.

அப்பாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் சட்டத்தின் தேர்ந்தவர் என்பவர் ஒரு தனி மனிதர் அல்ல. அந்தத் துறையில் வெளியான எல்லாவற்றையும் படித்துவிட்டதாக நாம் கற்பனை செய்துகொள்ளும் ஆள்.

---

பழைய_பட்டறை | செவ்வாய், காலை 6:40

தம்பி, உங்கப்பா சொன்னதுல ஒரு விசயம் இருக்குதுங்க. வக்கீல் சாருக்குச் சட்டம் தெரியும். எனக்கு பிரஷ் தெரியும். 40 வருசமா டிசி மோட்டார் பாக்கறேன்.

எங்க பட்டறையில புதுப்பையனுக்கு மொத நாளே சொல்லிக்குடுக்கறது, கம்யூடேட்டர் மேல, அதாவது பிரஷ் உரசற செம்புப் பட்டை உருளை மேல, ஒரு சொட்டு ஆயில் படக்கூடாதுன்னுதான். பேரிங் சீல் கசிஞ்சு ஆயில் ஏறிட்டா, கரித்தூளும் ஆயிலும் சேர்ந்து பசையாயிப் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல இருக்கற மைகா பள்ளத்துல அடைச்சுக்கும். அப்புறம் தீப்பொறி, பட்டை கருகல், கடைசீல ஆர்மேச்சரே போயிரும். அதனால மசகுன்னு சொன்னாலே எங்க ஆளுக கைய எடுத்துருவாங்க. புஸ்தகத்துல படிச்ச பயம் இல்லைங்க, கை சுட்டுக் கத்துக்கிட்டது.

இன்னொண்ணு. நல்லா ஓடற கம்யூடேட்டர் பளபளன்னு செம்பு நிறத்துல இருக்காது. காப்பிக்கொட்டை நிறத்துல ஒரு மெல்லிய படலம் கட்டியிருக்கும். தெரியாத பையனுக அதை அழுக்குன்னு நெனச்சு எமரி போட்டுத் தேச்சுருவாங்க. அந்தப் படலந்தான் பிரஷ்ஷுக்கு உசுரு. செம்போட ஆக்சைடு, கிராஃபைட், காத்துல இருக்கற ஈரம் மூணும் சேர்ந்தாத்தான் அது கட்டும். அதுக்குள்ள புதுசா ஒரு தூளக் கொண்டுபோய் விட்டா படலம் என்னாகும்? எனக்குச் சொல்லத் தெரியாது. கடத்தாத தூளா இருந்தா ஓல்டேஜ் விழும், சூடு ஏறும்.

பேரிங்ல வழுக்கற பொருளு பிரஷ்லயும் வேலை செய்யும்னு எடுத்துக்கறது தப்புங்க. பேரிங்ல கரண்ட் போகக்கூடாது, பிரஷ்ல போயே ஆகணும்.

---

மின்வரலாறு | செவ்வாய், காலை 11:30

ஐயா எழுதியதைப் படித்ததும் கரி பிரஷ்ஷின் கதைதான் நினைவுக்கு வந்தது. இந்தக் கேள்விக்கு நேரடித் தொடர்பு உண்டு.

ஆரம்பகால டைனமோக்களில் பிரஷ் என்றால் உண்மையிலேயே பிரஷ்தான். செம்புக் கம்பிகளையோ செம்புத் தகடுகளையோ கட்டாகக் கட்டி, சாய்வாக வைத்து உரசவிட்டார்கள். தீப்பொறி பறக்கும், கம்யூடேட்டர் தேயும். 1885-ல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் செம்புக்குப் பதில் கரியை வைக்கலாம் என்று பிரிட்டனில் காப்புரிமை வாங்கினார்.

இன்றைக்குப் பார்த்தால் ஒரு பொருளை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தார், அவ்வளவுதான். கரி மின்சாரம் கடத்தும் என்பது ஆர்க் விளக்கு எரித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைய பொறியாளர் இடத்தில் நின்று பாருங்கள். கரியின் மின்தடை செம்பைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். மின்சாரத்தை வெளியே எடுக்கும் வாசலில், இருப்பதிலேயே நன்றாகக் கடத்தும் உலோகத்தை எடுத்துவிட்டு, மோசமாகக் கடத்துவதை வைப்பதற்கு யாருக்கு மனம் வரும்?

அந்தத் தடைதான் மருந்தாக இருந்தது. பிரஷ் இரண்டு பட்டைகளை ஒரே நேரத்தில் தொடும்போது அவற்றுக்கு இடையிலுள்ள காயில் குறுக்குச்சுற்றாகிவிடும். செம்பு பிரஷ்ஷில் அந்தச் சுற்றில் பெரிய மின்னோட்டம் பாய்ந்து, பட்டை விலகும்போது பொறியாக வெடிக்கும். கரியின் தடை அந்த ஓட்டத்தை அடக்கிவிடுகிறது. ஒவ்வொரு பிரஷ்ஷிலும் ஏறக்குறைய ஒரு வோல்ட்டை இழந்து, பொறி இல்லாத ஓட்டத்தை வாங்கிக்கொள்கிறோம்.

1888-ல் அமெரிக்காவின் லின் நகரில் சார்லஸ் வான் டெப்போல் டிராம் மோட்டாருக்குக் கரி பிரஷ்ஷைக் கொண்டுவந்தார். டிராம் முன்னும் போகும் பின்னும் வரும். சாய்வாக வைத்த செம்பு பிரஷ் எதிர்த்திசையில் சுற்றினால் மடங்கிக் கெடும். கரிக்கட்டையை நேராக நிறுத்திவிடலாம், எந்தப் பக்கம் சுற்றினாலும் கவலையில்லை. மின் டிராம் பரவியதில் இந்தச் சின்னக் கரிக்கட்டைக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

"பொருளை மாற்றுவது யாருக்கும் தோன்றும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டால் ஃபோர்ப்ஸுக்கும் உரிமை கிடைத்திருக்காது.

---

மயிலை_வக்கீல் | செவ்வாய், மதியம் 1:15

அருமையான தகவல். ஆனால் எதிர்ப்பக்கத்தில் இதைவிடப் பழைய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 1851, அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹாட்ச்கிஸ் வழக்கு. கதவுக் குமிழை மரத்திலும் உலோகத்திலும் செய்துவந்த காலத்தில், களிமண்ணிலும் பீங்கானிலும் செய்து காப்புரிமை வாங்கினார்கள். குமிழும் பழையது, தண்டோடு பொருத்தும் முறையும் பழையது, மண்ணும் பழையது. இதில் கைவினைஞரின் திறமைதான் தெரிகிறது, கண்டுபிடிப்பாளரின் திறமை இல்லை என்று தள்ளிவிட்டார்கள். ஆர்மேச்சர்மகனின் கிளெய்ம் கரி பிரஷ் வகையா, களிமண் குமிழ் வகையா? இன்னமும் குமிழ் வகை என்றே நினைக்கிறேன்.

---

வேதியியல்_செல்வி | செவ்வாய், மாலை 4:50

இதுவரை யாரும் தொடாத ஒன்று: கிளெய்மில் "ஈரப்பதம் இல்லாத வாயு" என்று ஏன் இருக்கிறது?

கிராஃபைட் ஏன் வழுக்குகிறது என்று கேட்டால் பள்ளிப் பாடத்தில் நாம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் எழுதியிருப்போம். அடுக்கடுக்கான அமைப்பு, அடுக்குகளுக்கு இடையே பிணைப்பு குறைவு, அதனால் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகிறது. படிகத்தின் அமைப்பை எக்ஸ் கதிர் கொண்டு அறிந்த பிறகு பொறியாளர்களும் அப்படித்தான் நம்பினார்கள். வழுக்கும் தன்மை கிராஃபைட்டின் பிறவிக்குணம் என்ற நம்பிக்கை.

இரண்டாம் உலகப் போரில் விமானங்கள் மிக உயரத்தில் பறக்கத் தொடங்கியதும் அந்த நம்பிக்கை உடைந்தது. தரையில் நீண்ட காலம் உழைத்த ஜெனரேட்டர் பிரஷ்கள் மேலே போனதும் சில மணி நேரத்துக்குள்ளேயே தூளாகக் கொட்டித் தீர்ந்தன. மேலே காற்று மெலிந்திருக்கிறது, குளிர்கிறது, ஆக்சிஜன் குறைவு, ஈரமும் இல்லை. இதில் எது குற்றவாளி என்று பிரித்தறிவதே பெரும்பாடாக இருந்தது. நீராவிதான் காரணம் என்பதை ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் சாவேஜ் போன்றவர்களின் சோதனைகள் உறுதிசெய்தன. கிராஃபைட் தானாக வழுக்குவதில்லை. அடுக்குகளின் விளிம்பிலும் மேற்பரப்பிலும் நீர் மூலக்கூறு ஒட்டினால்தான் வழுக்கும். உலர்ந்த சூழலில் அது உராய்ந்து தின்னும் பொருள். அன்று பேரியம் ஃபுளோரைடு போன்ற உலோக ஹாலைடுகளை பிரஷ்ஷுக்குள் ஊறவைத்துச் சமாளித்தார்கள்.

மாலிப்டினம் டைசல்பைடு இதற்கு நேரெதிர். ஈரம் இருந்தால் அதன் வழுக்கல் குறையும், உலர்ந்த இடத்திலும் வெற்றிடத்திலும் நன்றாக வழுக்கும். வெறும் கண்ணுக்கு கிராஃபைட்டும் அதன் தாதுவும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் வேறு என்று 1778-ல் ஷீலே காட்டும்வரை குழப்பம் இருந்தது. இன்று செயற்கைக்கோள்களின் ஸ்லிப் ரிங்குகளில் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் வளையங்கள்) வெள்ளி, கிராஃபைட், மாலிப்டினம் டைசல்பைடு மூன்றும் சேர்ந்த பிரஷ்கள் ஓடுகின்றன.

வக்கீல் சார் சொன்ன 3(e)-க்கு என் பதில்: குணங்கள் வெறுமனே கூடி நிற்கவில்லை. ஈரமுள்ளபோது கிராஃபைட்டும் ஈரம் இல்லாதபோது மாலிப்டினமும் படலத்தைக் காக்கின்றன. ஒன்றின் குறையை மற்றது மூடுகிறது.

---

பழைய_பட்டறை | செவ்வாய், மாலை 6:20

அம்மணி, நீங்க எழுதுனது ரொம்ப நல்லாருக்குதுங்க. ஒரு சந்தேகம் 40 வருசமா இருந்துச்சு, இன்னைக்குத் தீந்துது. நல்ல வெயில் காலத்துல, ஏசி போட்டு ஈரத்த உறிஞ்சற ரூம்ல இருக்கற மோட்டார்ல பிரஷ் சீக்கிரம் தேயும். மழைக் காலத்துல அதே மோட்டார் நல்லா ஓடும். பிரஷ் கிரேடு சரியில்லைன்னு நாங்க கிரேடு மாத்திக்கிட்டே இருந்தோம். ஸ்ப்ரிங் அழுத்தத்தக்கூட மாத்திப் பாத்திருக்கோம். காத்து மேல எங்களுக்குச் சந்தேகமே வரலைங்க.

---

தேர்வாளர்_ஓய்வு | செவ்வாய், இரவு 9:35

மன்னிக்கவும், தாமதமாக வருகிறேன். காப்புரிமை அலுவலகத்தில் பல வருடம் விண்ணப்பங்களைப் பரிசோதித்தவன்.

பழைய_பட்டறை ஐயா கடைசியாக எழுதியதை எல்லோரும் இன்னொரு முறை படிக்க வேண்டுகிறேன். என் பார்வையில் இந்த இழையின் முக்கியமான சாட்சியம் அதுதான். தேர்ந்த கைவினைஞர் பிரச்சினையைப் பார்த்திருக்கிறார். பிரஷ் கிரேடை மாற்றுகிறார், ஸ்ப்ரிங்கை மாற்றுகிறார். காரணம் தெரியாததால் தீர்வு இருக்கும் பக்கமே திரும்பவில்லை. காரணம் தெரிந்துவிட்டால் தீர்வு ஒரே எட்டுதான். இங்கே கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது?

1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐபெல் வழக்கில் இதைத்தான் யோசித்தது. காகித ஆலையில் வேகத்தைக் கூட்டினால் தாள் சுருங்கிக் கெட்டது. கூழ் ஓடும் வேகமும் கம்பிவலை ஓடும் வேகமும் ஒத்துப்போகாததே காரணம் என்று ஐபெல் கண்டார். தீர்வு, வலையின் சரிவைக் கூட்டியது மட்டும்தான். சரிவைக் கூட்டிக் குறைப்பது ஆலையில் எல்லோரும் செய்வது. ஆனால் கோளாறின் மூலத்தைக் கண்டுபிடித்ததே பெரிது என்று உரிமையை நிலைநிறுத்தினார்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு வாரியமும் டி 2/83 முடிவில், யாரும் அறியாத பிரச்சினையைக் கண்டறிந்ததே கண்டுபிடிப்பாகலாம், தீர்வு பின்னாளில் எளிதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்றது. அதே முடிவுதான் "செய்திருக்க முடியுமா என்று கேட்காதே, செய்திருப்பாரா என்று கேள்" என்ற சோதனைக்கும் அடிப்படை.

வக்கீல் சார் ஹாட்ச்கிஸைக் காட்டினார். அதன் பக்கத்தில் 1966-ன் ஆடம்ஸ் மின்கல வழக்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். மக்னீசியம், குப்ரஸ் குளோரைடு இரண்டும் தனித்தனியே மின்கலத் துறைக்குத் தெரிந்தவைதான். ஆனால் அவற்றைச் சேர்க்கத் தயங்க வைக்கும் குறைகளும் தெரிந்திருந்தன. அரசின் நிபுணர்களே முதலில் இது வேலை செய்யாது என்றார்கள். அந்தத் தயக்கத்தையும் கணக்கில் எடுக்கலாம் என்றது நீதிமன்றம். களிமண் குமிழுக்கு எதிராக அப்படி ஒரு தயக்கம் இருந்ததாக யாரும் காட்டவில்லை. கம்யூடேட்டரில் மசகு கூடாது என்ற தயக்கம் இருக்கிறது, ஆர்மேச்சர்மகனின் அப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஆனால் இதனால் கிளெய்ம் தப்பித்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. தம்பி, இரண்டு கேள்விகள். விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதி, அதாவது எந்த நாளுக்கு முன் தெரிந்திருந்ததோடு ஒப்பிட வேண்டும் என்பதை முடிவுசெய்யும் தேதி, என்ன? இரண்டாம் ஆவணம் ஈரம் பற்றி ஏதாவது சொல்கிறதா?

---

ஆர்மேச்சர்மகன் | செவ்வாய், இரவு 10:20

சார், மிக்க நன்றி. கேள்வித்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் ஆவணத்தில் "எண்ணெய் உறைந்துபோகும் அல்லது ஆவியாகும் இடங்களில்" என்று மட்டும் இருக்கிறது. ஈரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தேதி எதிலும் இல்லை. விண்ணப்பத்துக்கும் இல்லை, ஆவணங்களுக்கும் இல்லை.

---

தேர்வாளர்_ஓய்வு | செவ்வாய், இரவு 10:41

அப்படியானால் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது.

விண்ணப்பம் 1938-ல் போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த காற்றில் கிராஃபைட் தோற்கும் என்பதே துறையில் பரவலாகத் தெரியாத காலம். அப்போது இந்த இரண்டு ஆவணங்களையும் கையில் கொடுத்தாலும், தேர்ந்தவர் அவற்றைச் சேர்க்கக் காரணமில்லை. நான் பரிசோதகராக இருந்தால் எதிர்ப்பு எழுப்ப மாட்டேன்.

2015-ல் போட்டது என்றால் கதை வேறு. ஈரத்தின் பங்கு பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டது, விண்வெளி ஸ்லிப் ரிங்குகளில் இந்தக் கலவை ஓடிக்கொண்டிருக்கிறது. அப்போது எளிதில் தோன்றுமா என்ற கேள்விக்குப் போகும் முன்பே புதுமை இருக்கிறதா என்பதே சந்தேகம். நடுவில் எங்கோ ஒரு வருடத்தில் கோடு விழுகிறது, அந்த வருடத்தை ஆவணங்களைத் தேடித்தான் சொல்ல முடியும்.

2022-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அக்ரிபோர்டு வழக்கில், நிராகரிக்கும் அதிகாரி மூன்றைக் காட்டியாக வேண்டும் என்றது: ஏற்கெனவே என்ன இருந்தது, விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது, முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு தேர்ந்தவர் எப்படி வந்திருப்பார். நம்மில் பலர் மூன்றாவதை எழுதாமல் இரண்டு ஆவணங்களைப் பக்கம் பக்கமாக வைத்துவிட்டு "எனவே" என்று முடித்துவிடுகிறோம். பதவியில் இருந்தபோது நானும் அப்படிச் சில உத்தரவுகள் எழுதியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

---

மயிலை_வக்கீல் | புதன், காலை 8:10

தேதியைக் கேட்காமல் பதில் எழுதியது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன். 3(e) விஷயத்திலும் செல்வி அவர்கள் சொன்னது, சோதனை முடிவுகளோடு விண்ணப்பத்தில் எழுதப்பட்டிருந்தால் நிற்கும்.

ஆனால் ஒன்றை விடமாட்டேன். கிளெய்மின் சொற்களைப் பாருங்கள்: "ஈரப்பதம் இல்லாத வாயுவில் ஓடும் மோட்டாருக்கான பிரஷ்." பொருளைக் கோரும் கிளெய்மில் "இதற்கான" என்று எழுதினால், அதற்கு ஏற்றது என்றுதான் பொதுவாக அர்த்தம் எடுப்பார்கள். வேறு யாராவது அதற்கு முன்பு வேறு காரணத்துக்காக, சத்தம் குறைக்கவென்றே வைத்துக்கொள்வோம், இதே தூளை இதே பிரஷ்ஷில் கலந்திருந்தால் கிளெய்ம் புதுமையிலேயே விழும். ஈரத்தின் ரகசியத்தைக் கண்டவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது, உலர்ந்த வாயு நிரப்பிய மூடிய மோட்டாரையும் அதற்குள் இந்த பிரஷ்ஷையும் சேர்த்து எழுதிய கிளெய்ம்தான். கண்டுபிடிப்பு நல்லதாக இருந்தும், எழுதிய விதத்தால் உரிமை போன வழக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

---

ஆர்மேச்சர்மகன் | புதன், இரவு 9:55

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. விடையைத் திருத்தி எழுதிவிட்டேன். முதல் பத்தியில் தேதியைக் கேட்டிருக்கிறேன். இரண்டாம் பத்தியில், பிரஷ் ஈரமில்லாத இடத்தில் ஏன் தேய்கிறது என்பது அந்தத் தேதியில் துறைக்குத் தெரியுமா என்று. கம்யூடேட்டரில் மசகு கூடாது என்ற பட்டறைப் பழக்கத்தை மூன்றாவதாக, ஒரு தடையாகச் சேர்த்தேன். வக்கீல் சார் சொன்ன கிளெய்ம் திருத்தம் கடைசியில்.

அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். ஈரம் பற்றிய பகுதியில் நிறுத்தி, "இது நெசமா?" என்று கேட்டார். செல்வி அக்கா எழுதியதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு மேசை டிராயரைத் திறந்து, ஒரு ஆலையிலிருந்து இரண்டு வருடம் முன்பு கழற்றிவந்த பிரஷ் நாலைக் காட்டினார். நாலும் பாதிக்குமேல் தேய்ந்திருந்தன. அந்த மோட்டார் இருந்த அறையில் ஈரத்தை உறிஞ்சும் டீஹ்யூமிடிஃபையர் போட்டிருந்தார்களா என்று நாளைக் காலையில் போன் பண்ணிக் கேட்கப்போவதாகச் சொல்கிறார்.

குழுவில் சனிக்கிழமை வகுப்பு. கேள்வி தயாரித்தவரிடம் தேதியைக் கேட்டு இங்கேயே எழுதுகிறேன்.